மூன்று வேளைத் திட்டு

தம்பியைத் தன்னோடு அழைத்துப் போய்விடுவது என்று அக்கா முடிவு செய்தபோது, அவள் வந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை.

காதருகே இருந்த கட்டியை எடுத்தபோது தம்பியின் முக நரம்பு அறுபட்டு, வலது பக்கம் தொங்கிப்போயிருந்தது. மெல்லுவதற்கான நரம்பில் ஒரு கிளையை எடுத்து அதோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். பல்லை இறுகக் கடித்தால் உதடு மேலே ஏறும், சிரிப்பு வரும், தினமும் மூன்று வேளை கண்ணாடி முன்னால் பழகணும் என்றார்களாம்.

ஏழு மாதமாகியும் உதடு அசையவில்லை. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டான். ஊரையே சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தவன், ஸ்டூடியோவையும் பூட்டிவிட்டான்.

இது போதாதென்று பெண்டாட்டியின் வாய்.

காலையில், "பாதி முகம்தானே ஸ்டிரைக் பண்ணுது, மீதியாவது வேலைக்குப் போகலாம்ல?" என்றாள். மத்தியானம் சோம்பேறி என்றாள். சாயங்காலம், கேமராவைத் தூக்கிக் குப்பையில் போடப் போவதாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவன் சொன்னது ஒன்றுதான், "சரிம்மா."

அக்கா தம்பியின் துணிகளை ஒரு பையில் திணித்தாள். இந்தப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்ததே அவள்தான்.

"கிளம்புடா. இவகிட்ட பேச்சு வாங்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

"நான் வரலைக்கா."

"உன் முகம் கோணினதுல எனக்கு வருத்தமில்ல. இவ மனசுல இருக்கு பாரு கோணல். ஈவு இரக்கமில்லாதவ. இவளை இந்த வீட்டுக்குள்ள விட்டதே..."

"நிறுத்துக்கா."

அவன் எழுந்துவிட்டான். கழுத்து புடைத்தது.

"என்னை என்ன வேணா சொல்லு. அவளை ஒரு வார்த்தை சொன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

பல்லை நறநறவென்று கடித்தான். அவனுடைய வலது உதட்டோரம் மேலே ஏறியது. ஒரு மயிரிழைதான். ஆனால் ஏறியது.

பெண்டாட்டி ஓடிவந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரல் உடைந்துவிட்டது.

"பயிற்சி பண்ணுங்கன்னா பண்ணமாட்டேங்கிறார். கோபம் வந்தாலாவது பல்லைக் கடிப்பாரேன்னு ரெண்டு மாசமா மூணு வேளையும் திட்டிப் பாக்கறேன் அண்ணி. என்மேல இவருக்குக் கோபமே வரமாட்டேங்குது."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"நிறுத்தாதீங்க அண்ணி. என்னை இன்னும் நாலு வார்த்தை திட்டுங்க."