விலை குறைந்த மைக்

“கிட்டார் ஆம்பிளிஃபையர் சத்தத்தைப் பதிவு பண்ணணும். விலை குறைவா ஒரு மைக் காட்டுங்க” என்றாள் பல் மருத்துவமனை நர்ஸ்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இது போதும்மா. ஸ்பீக்கர் துணியை ஒட்டினாப்போல வைங்க. நாலு விரல் தள்ளினாலே சத்தம் மெலிஞ்சிடும். வாசிக்கிறது உங்க வீட்டுக்காரரா?”

“பகல் பூரா எனக்குப் பல் துளைக்கிற மெஷின் சத்தம்தாங்க. சாயங்காலம் அவர் ஆரம்பிச்சா, கட்டில் படகாயிடும். கண்ணை மூடினா நடுக்கடல்ல இருப்பேன்.” சட்டென்று கேட்டாள். “ஆறு மீட்டர் தள்ளி வெச்சா எடுக்குமா?”

“ஆறு மீட்டரா! பக்கத்துல போனா அவர் கடிச்சு வெச்சிடுவாரா?”

“நடுவுல சுவர் இருக்கு. அவர் பக்கத்து ஃபிளாட். ஞாயித்துக்கிழமை நான் வீடு மாறுறேன். அந்தக் கடலையும் கையோட கொண்டுபோகணும்.”

கடைக்காரர் சிரித்தார். “சுவரைத் தாண்டி எடுக்க இந்த விலை மைக்கால முடியாதும்மா. கதவைத் தட்டி, உங்க வாசிப்பு பிடிக்கும்னு சொல்லுங்க. அவரே பதிவு பண்ணித் தருவார்.”

அவள் மைக்கை மெல்லக் கீழே வைத்தாள்.

“எந்த முகத்தோட போய்ச் சொல்றது? குடிவந்த புதுசுல, ‘காது கிழியுது, நிறுத்துங்க’ன்னு சுவரை இடிச்சுக் கத்தினவ நான். அன்னையிலிருந்துதான் அவர் இவ்வளவு மெதுவா வாசிக்கிறார்.”