கொண்டல்குளத்தின் மக்கள்தொகை

பாரிஸின் லா சப்பலில் குளிர்காலக் காலை எட்டு மணி, இன்னும் முழுதாக விடியவில்லை. இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் அச்சகத்தின் கண்ணாடிக் கதவு அதிர்கிறது. ஹோட்டலில் இரவு வேலை முடித்து வந்த மரியரட்ணம் கோட்டைக் கழற்றாமல் முக்காலியில் இருக்கிறார். அவர் தொகுக்கும் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு மலர் இன்று அச்சுக்குப் போக வேண்டும். கொண்டல்குளத்தின் வரலாறு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது: குளம், மாதா கோயில், பிரதேச செயலகம், வாரச்சந்தை, இரண்டு இடப்பெயர்வுகள். மிச்சம் மக்கள்தொகை. கிராம அலுவலர் அனுப்பிய பட்டியலில், வெளிநாடு போன ஒருவருடைய பெயரும் வெட்டப்படவில்லை. வீட்டுக்காரர்கள் வெட்ட விட்டதில்லை. “அண்ணை, இதைப் பார்த்தா பாரிஸில ஒருத்தரும் இல்லை, எல்லாரும் ஊரிலதான் நிக்கினம்,” என்று கணினி முன்னால் இருக்கும் பேர்ளி சிரிக்கிறாள்.

அவர் வெளிநாடு போனவர்களின் பெயர்களைச் சிவப்புப் பேனாவால் வெட்டிக்கொண்டே வருகிறார். பாரிஸ் புறநகர்களில், பொபினியில் மீன்கடை வைத்திருப்பவன், எபினேயில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலிப் படலை, குரைக்கும் ஒரு நாய், ஒரு சைக்கிள் மணி நினைவில் வந்து போகிறது. கடைசித் தாள், அவருடைய வீடு இருக்கும் செயலக ஒழுங்கை. தாய் போன மாசியில் இறந்துவிட்டதால் அந்த வீட்டில் ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது, அவருடையது. அதை வெட்டினால் வீடே பட்டியலில் இல்லை. பேனா நிற்கிறது. “உங்கட வீட்டோட முந்நூற்றிப் பன்னிரண்டு குடும்பம் மிஞ்சுது அண்ணை. உங்கட பேரை விடுங்கோவன், ஆர் பாக்கப் போகினம்?” “நான் பாப்பன்.” கோடு மெதுவாக, நேராகப் போகிறது. “முந்நூற்றிப் பதினொண்டு எண்டு போடு, பிள்ளை.”