நான்காம் எண் கட்டில்

மணி மூன்றே முக்கால். பெரிய சிஸ்டர் இன்னும் டியூட்டியை முடித்தபாடில்லை.

கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு. செருப்பை மாட்டிவிட்டால் கழற்றி எறிகிறாள், எறிந்த கையோடு காணோம் என்று தேடுகிறாள். அவள் பின்னாலேயே பையும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார் டைம்கீப்பர், அவள் புருஷன்.

நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்து வண்டி. அவளைக் கூட்டிக்கொண்டு போக.

பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பியவர் அவர். ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவரை ஒரு வழி பண்ணிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இன்று கட்டிய மனைவியை வாசல்வரை கிளப்ப வழி தெரியவில்லை.

போன மாதம் டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்ததற்கு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இன்றும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தார்.

அதைவிட, ஒரு சத்தமும் போடாமல் ஏறிப் போய்விட்டால்? அந்த நினைப்பை அவரால் தாங்கவே முடியவில்லை.

“இனிமே உங்களால முடியாதுப்பா. வீம்பு பண்ணாதீங்க” என்று மகள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். முடியாதுதான். அதில் பொய்யில்லை.

“ரவுண்ட்ஸ்!” என்றாள் சிஸ்டர்.

போச்சுடா, என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. புருஷன் முகம் மறந்துவிட்டது, பெற்ற மகளின் பெயர் மறந்துவிட்டது. ரவுண்ட்ஸ் மட்டும் மறக்கவில்லை. சோபா ஒன்றாம் எண் கட்டில், பெஞ்சு இரண்டு, சாய்வு நாற்காலி மூன்று. அந்த மூன்று நோயாளிகளும் குணமாகி எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்காம் எண் கட்டிலில் இருப்பவருக்குத்தான் விடிவுகாலமே இல்லை. கூடத்து மூலையில் கிடக்கும் அந்த நிஜக் கட்டிலில் தினமும் படுப்பவர் டைம்கீப்பர்.

படுக்காவிட்டால் விடமாட்டாள். செருப்புக் காலோடு போய்ப் படுத்தார். மூன்று ஐம்பது.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பார்க்க அவளுக்கு இப்போது தெரியாது. ஆனாலும் விரல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

“அசையாம இருங்க ஐயா.”

நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒரு நாளாவது அவரை ஐயா என்று கூப்பிட்டிருப்பாளா? ‘இந்த மனுஷன்’ என்பதோடு சரி. அவளுக்கு எல்லாம் மறந்த பிறகுதான் அவருக்கு மரியாதையே கிடைத்தது.

தலையணை அருகில் இருந்த நோட்டை எடுத்து என்னவோ எழுதினாள். அவருடைய நோட்டு அது. அவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எப்போது மாத்திரை, எதற்கெல்லாம் மிரளுவாள் என்று பழைய தொழில் புத்தியில் நேரம் போட்டு எழுதிவைத்திருந்தார். இல்லத்தில் கொடுப்பதற்கு. பின்பக்கத்தில் அவள் தினமும் கிறுக்குவாள். கிறுக்கட்டும், கொஞ்ச நேரம் ஓரிடத்தில் இருக்கிறாளே என்று விட்டுவிடுவார்.

வாசலில் ஹாரன். நான்கு மணி, டாண் என்று.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். உள்ளே வந்த இல்லத்துப் பெண்ணிடம் முதல் வேலையாக நோட்டை நீட்டினார். “எல்லாம் இதுல எழுதியிருக்கும்மா. பால் சூடா இருந்தா குடிக்க மாட்டா. கொஞ்சம் பார்த்து...”

பதற்றத்தில் தலைகீழாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் பின்பக்கத்தைப் பிரித்துப் படித்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“அம்மாவைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. இதுல ஆண் நோயாளின்னு போட்டிருக்கே?”

வாங்கிப் பார்த்தார். கோணல் மாணலான எழுத்து. வரிக்கு மேல் வரி ஏறியிருந்தது.

‘நான்காம் எண் கட்டில். ஆண். இரவில் தூக்கம் இல்லை.’

‘நின்றுகொண்டே சாப்பிடுகிறார். பாதியில் வைத்துவிடுகிறார்.’

‘குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். கேட்டால் கண்ணில் சோப்பு என்கிறார்.’

‘பார்க்க யாரும் வருவதில்லை.’

தேதி இல்லை, நேரம் இல்லை. ஆனால் பக்கம் பக்கமாக இருந்தது. அவர் முன்னாலிருந்து எழுதிக்கொண்டு போக, அவள் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு வெள்ளைத் தாள்தான் மிச்சம்.

கடைசியாக எழுதியதில் மை இன்னும் காயவில்லை.

‘நாடி வேகமாக இருக்கிறது. எதற்கோ பயப்படுகிறார். தனியாக விடக் கூடாது.’

இரண்டு வருடமாக இந்த வீட்டில் தான் ஒருவன்தான் இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தார்.

நிமிர்ந்தபோது பை சிஸ்டரின் தோளில் இருந்தது. செருப்பும் காலில் இருந்தது.

“வாங்க ஐயா. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறாங்க, அவ்வளவுதான். நான் கூடவே வர்றேன், பயப்படாதீங்க.”

கூச்சலும் இல்லை, சண்டையும் இல்லை. முழங்கையைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக அவரை இறக்கினாள். வண்டியில் ஜன்னலோரமாக உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒருவருக்குத்தான் இடம் என்று சொல்ல வாயெடுத்த இல்லத்துப் பெண், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மணி நான்கு இருபது. அவர் பார்வையில் இவ்வளவு தாமதமாக எந்த வண்டியும் கிளம்பியதில்லை.

கிளம்புகிற டிரைவரிடம் அவர் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: திரும்பி எத்தனை மணிக்கு?

அவள் விரல் இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது. டைம்கீப்பர் கேட்கவில்லை.