கடவுச்சொல் கேட்கும் முகம்

மகள் பூங்கொடி தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போன அன்றே சங்கரபாண்டியன் ஆற்றில் தலைமுழுகிவிட்டு வந்து, சுவரில் இருந்த அவள் படங்களையெல்லாம் கழற்றி எறிந்தார். அதன்பின் அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. இப்போது குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழா அழைப்பிதழில் போட அவருடைய அப்பாவின் படம் வேண்டியிருந்தது. அது அவள் விட்டுப்போன கணினியில் இருந்தது. கணினியோ கிளம்ப மறுத்தது. பழுதுபார்க்க வந்த இருதயராஜ் மூடியைத் திறந்து, தூசியை ஊதி, எதையோ பிடுங்கி மறுபடி செருகினான். திரை வெளுத்தது. நடுவில் ஒரு வட்டத்துக்குள் பூங்கொடி சிரித்தாள். அவளுக்குக் கீழே கணினி கடவுச்சொல் கேட்டது.

“அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கய்யா.”

“எந்த அக்கா? இந்த வீட்டுல அப்படி யாரும் இல்ல.”

இருதயராஜ் சுவரில் வெறும் ஆணிகளைப் பார்த்தான். “அப்ப சரி. கடவுச்சொல் இல்லாம தாத்தா படத்த எடுக்கணும்னா மிச்சத்த அழிச்சாத்தான் முடியும். இந்த மூஞ்சியும் போயிரும்.”

“கைய எடுல! என் வீட்டுல எது இருக்கணும், எது போகணும்னு நான் சொல்லுவேன்.”

“கேக்கவும் மாட்டீங்க, அழிக்கவும் விடமாட்டீங்க. அழைப்பிதழுக்கு என்ன செய்ய?”

“எங்கப்பா படம் இல்லாமலே கொடை நடக்கும். நீ கெளம்பு.”

அவன் போனபின் சங்கரபாண்டியன் முதுகு வளையாமல் கணினிக்கு எதிரே அமர்ந்தார். திரை இருளப் பார்த்தபோதெல்லாம் ஒற்றை விரலால் மவுசை நகர்த்தினார். மனைவி செண்பகவடிவு வாசலில் வந்து நின்றாள்.

“சாப்பிட வாங்க. அத அணைச்சிரட்டா?”

“அணைச்சுத்தான் பாரேன்” என்றார், திரும்பாமலே.