ஆற்றங்கரை அம்மன்

"இது அம்மன் இல்லீங்க, என் பொண்டாட்டி!"

ரத்தினவேல் போட்ட சத்தத்தில், காவிரிக் கரையில் காலை நடை போய்க்கொண்டிருந்த பாதிப் பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் யூனியன் தலைவராக இருந்து ரிடையர் ஆனவர். மைக் இல்லாமலே பேசிப் பழகிய தொண்டை.

பக்கத்தில் நின்ற சரசு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னே, நாலு பேர் சிலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தால்?

விஷயம் இதுதான். ஆற்றோரப் பூங்காவுக்காக மைசூர் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சிலை செய்து, நடைபாதை நெடுக நிறுத்தியிருந்தார்கள். ஒரு மீன், ஒரு பரிசல், துண்டு விரித்துத் தூங்கும் ஒரு ஆள். இவர்கள் மகள் வினிதா செய்தது, இடுப்பில் குடத்தோடு ஆற்றைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். முகத்துக்கு அம்மாவைத்தான் உட்காரவைத்துச் செய்தாள்.

கொஞ்ச நாள் முன்னால் யாரோ அந்தச் சிலைக்குக் குங்குமம் அப்பி, மஞ்சள் துணி சுற்றி, குடத்தின் கழுத்தில் வேப்பிலை கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். மறுநாளே எலுமிச்சம்பழம் வந்தது. அப்புறம் கோலம் வந்தது. இப்போது யாருமே கிட்டே போவதில்லை. தள்ளி நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைத் தொடர்கிறார்கள்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணா. தாயி கேட்டுட்டு இருக்கா" என்றாள் கூட நடக்க வரும் கௌரம்மா. "என் மகனுக்கு விசா வேணும்னு வேண்டிட்டேன். மூணே நாள்ல வந்துடுச்சு."

"விசா ஆபீஸ்ல குடுத்தான்மா. என் பொண்டாட்டி எங்க குடுத்தா? அவளுக்கு ரேஷன் கார்டுல பேர் சேர்க்கவே நான்தான் அலைஞ்சேன்."

கௌரம்மா காதைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

"பாரு சரசு. நம்ம பொண்ணு ஒரு சாதாரணப் பொம்பளையைச் செஞ்சு வச்சா, அதையும் சாமியாக்கிட்டாங்க. நாளைக்குக் காலைலயே அவ வாத்தியார் உமேஷ் வந்து பார்த்துத்தான் மார்க் போடணும். இந்தக் கோலத்துல பார்த்தா சிரிக்க மாட்டாரா? விடியக்காலைல நானே வந்து தேய்ச்சுக் கழுவுறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

"ரெண்டு வாரம் கழிச்சுக் கழுவினா ஆகாதா?" என்றாள் சரசு.

"ரெண்டு வாரத்துல கோபுரம் கட்டிடுவாங்க."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாளி, பிரஷ் சகிதம் மகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சரசு பால் வாங்கப் போனவள் திரும்பியிருக்கவில்லை.

சிலையருகே ஒரு உருவம். கையில் குங்குமம், தோளில் வேப்பிலைக் கொத்து.

"மாட்டினியா? யாரது?"

உருவம் திரும்பியது. சரசு.

ரத்தினவேல் கையிலிருந்த வாளி கீழே விழுந்து உருண்டது. "அடிப்பாவி. நீயா? உன் மூஞ்சிக்கு நீயே குங்குமம் வச்சுக்கறியா? பெத்த பொண்ணு மார்க்குல மண்ணைப் போடத்தான் இத்தனை நாளா..."

"கத்தாதீங்க. இங்க வந்து பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து, குடத்து வாயில் இருந்த வேப்பிலையை விலக்கினாள்.

உள்ளே ஒரு மைனாக் கூடு. மூன்று குஞ்சுகள். கண்ணே சரியாகத் திறக்கவில்லை, வாயை மட்டும் ஆகாசத்துக்குத் திறந்தன.

"முட்டையா இருந்தப்பவே பார்த்தேன். வர்றவங்க எல்லாம் குடத்துக்குள்ள கையை விட்டு போட்டோ எடுக்கறாங்க. டீ குடிச்ச கப்பைப் போடறாங்க. தொடாதீங்கன்னு போர்டு வச்சா யார் கேக்கறா? குங்குமம் வச்சேன். அன்னையிலேருந்து ஒருத்தரும் கிட்ட வரல."

"அதை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவர் கேட்ட கேள்விக்கு மரத்திலிருந்த தாய் மைனா பதறிப் பறந்தது.

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள் சரசு. "நீங்க ரகசியம் பேசினா மைசூர் வரைக்கும் கேக்கும். அப்புறம் ஊரே போனைத் தூக்கிட்டு எட்டிப் பார்க்க வந்துடும்."

ரத்தினவேல் மகளைப் பார்த்தார். வினிதா தன் சிலையைப் பார்த்தாள். குங்குமம், மஞ்சள் துணி, காய்ந்த எலுமிச்சம்பழம். பிறகு குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"கழுவ வேண்டாம்பா. இதுங்க பறக்கட்டும்."

"மார்க்கு?"

"சார் காதுல மட்டும் விஷயத்தைச் சொல்றேன். ஒத்துக்கலைன்னா போகட்டும். நான் சும்மா ஒரு குடம்தான் செஞ்சேன், அம்மா அதுல மூணு பேரைக் குடி வச்சிருக்கா."

அதற்குள் நடைபாதைத் திருப்பத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. உமேஷ் சார் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு வகுப்பே செல்போனும் கையுமாக வந்தது.

ரத்தினவேல் பரபரவென்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேப்பிலையைப் பழையபடி சரிசெய்தார். ஓடிப் போய்க் கூட்டத்துக்குக் குறுக்கே நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க. செருப்பைக் கழட்டிட்டு அங்கேயே நின்னு கும்பிட்டுக்கங்க. ரொம்பக் கோபக்கார அம்மன். கூடவே குடித்தனம் பண்றவன் சொல்றேன்."