பாதி வழியில் திரும்பியவள்

"காலேஜு கட்டடமே இன்னும் முழுசா எழும்பல மாமா. மிஷினெல்லாம் பெட்டி பிரிக்காம கெடக்குது. ஆனா வாத்தியாருங்க நல்லவங்க. நேருல போய்ப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றான் அன்புச்செல்வன்.

"பாதியில நிக்கிற கட்டடத்துக்கு என் கரும்புக் கொல்லைய எழுதிக் குடுக்கணுமா?" என்றார் பூமாலை.

கச்சிராயபாளையத்தில் அணைத் தண்ணீர் பாயும் நிலமென்று அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. மெட்ராஸ் பக்கம் புதிதாய்த் தொடங்கியிருக்கும் தனியார் கல்லூரியில் மகள் மணிமொழியை இன்ஜினியரிங் சேர்ப்பதென்றால் கொல்லையை விற்றாக வேண்டும். அதை வாங்கப்போகும் சங்கராபுரத்து ஆள் சாயங்காலம் முன்பணத்தோடு வருகிறார். வேண்டாமென்றால் இப்போதே சொல்லியனுப்ப வேண்டும். அதைப் பேசி முடிக்கத்தான் மச்சினன் அன்புச்செல்வன் வேலையைப் போட்டுவிட்டு வந்து மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கொல்லை சோறு போடும்னு எனக்குத் தெரியும் மச்சான். அந்தக் காலேஜு போடுமா? வேலை கெடைக்கும்னு எழுதித் தருவாங்களா?"

"யாரு எழுதித் தருவா? கவர்மென்ட் காலேஜுல படிச்சவனே வேலைக்கு அலைஞ்சிக்கினு இருக்கான். பொய் சொல்லி உங்க நெலத்த விக்கவெச்சிட்டு, நாளைக்கி நான் எப்படி உங்க மூஞ்சில முழிக்கிறது?"

அவன் ஒளிக்காமல் பேசியது பூமாலைக்குப் பிடித்திருந்தது. பிடித்ததனாலேயே குழப்பம் ஜாஸ்தியாயிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். பிள்ளையைப் படிக்க வைக்கிறவன் கணக்கும் அதே கதைதான் போலிருக்கிறது.

மனைவி அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கி வேணாம்னுடுவீங்க. தை பொறந்ததும் உங்க அக்கா மவன் முருகவேலுக்குக் கட்டி வெச்சிடுவீங்க. அத்தோட அவ படிப்புக்குப் பால ஊத்திட வேண்டியதுதான்."

"முருகவேலுக்கு இன்னா கொறச்சல்? சொந்தமா டிராக்டர் வெச்சிருக்கான்."

"அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. இவ படிக்கணும்னு இருக்கா."

சோற்றுத் தூக்கை இறக்கி வைத்து எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்த மணிமொழி நிமிரவே இல்லை. பூமாலை அவளைப் பார்த்துக் கேட்டார்: "உன்னத்தாம்மா பேசிக்கினு இருக்கோம். வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லேன்."

"நீங்க இன்னா செஞ்சாலும் சரிப்பா" என்றாள் அவள். கழுவ வேண்டிய பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள்.

இந்தப் பதில்தான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நான் படிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? அப்படிக் கேட்டிருந்தால் கொல்லை என்ன, குடியிருக்கும் வீட்டையே விற்றிருப்பார்.

"பாத்தியா மச்சான்? அவளுக்கே ஆசை இல்ல. இருந்தா, செலவில்லாம கெடைக்க இருந்த கவர்மென்ட் சீட்ட உட்டிருப்பாளா? மறியல்னு ஊரே கெளம்பிக்கினு இருந்த அன்னிக்கி, இவ மெட்ராஸ் இன்டர்வியூவுக்குப் போயாவணும்னு விடியறதுக்கு முன்ன உங்க ரெண்டு பேரையும் கள்ளக்குறிச்சி மொத பஸ்ஸுல ஏத்தி உட்டேன். பஸ்ஸு கெளம்பினத கண்ணால பாத்தப்பறம்தான் வரப்பு மேல குறுக்கால நடந்து மறியலுக்கே போனேன். இவ இன்னா பண்ணா? வாந்தின்னு பாதி வழியில திரும்பி வந்துட்டா. நான் யாருக்காவ ஜெயிலுக்குப் போனேன்? யாருக்காவ அந்தக் களியத் தின்னேன்?"

இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டச் சனங்கள் சாலையில் இறங்கிய எண்பத்தேழாம் வருஷம் அது. ஜெயிலில் இருந்த நாளெல்லாம், என் மகள் இந்நேரம் இன்ஜினியரிங் சேர்ந்திருப்பாள் என்று பக்கத்தில் படுத்திருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர் அவர். வெளியே வந்த பிறகுதான் வாந்திக் கதையைச் சொன்னார்கள். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

"ஒரு வாந்திக்குத் தாங்காதவள நம்பி நெலத்த விக்கச் சொல்றீங்க. நான் சங்கராபுரத்துக்கு ஆள் அனுப்பப் போறேன். தையில கல்யாணம், அவ்ளோதான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அன்புச்செல்வன் அவர் கையைப் பிடித்தான். "உக்காருங்க மாமா. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. அவளுக்கு வாந்தியும் வரல, ஒண்ணும் வரல."

"பின்ன?"

"ஊரத் தாண்டினதும் பஸ்ஸு பஞ்சராயி ரொம்ப நேரம் நின்னுட்டுது. சரி பண்ணிக்கினு போனா, அதுக்குள்ள ரோட்டுக்குக் குறுக்கால புளியமரத்த வெட்டிச் சாச்சிட்டிருக்காங்க. நம்ம சனங்கதான, இன்டர்வியூன்னு சொன்னா அந்தாண்ட தாண்ட உடுவாங்கன்னு அவ கையப் புடிச்சி இழுத்துக்கினு ஓடினேன். மரத்தாண்ட போறதுக்குள்ள நின்னுட்டா. 'வேணாம் மாமா, திரும்பிடலாம். என் படிப்பு இங்கதான் நின்னுச்சின்னு தெரிஞ்சா அவரு உசுர வெச்சிருக்கமாட்டாரு'ன்னா."

"எவன் அவன்?" என்றார் பூமாலை.

"நீங்கதான் மாமா. அந்த மரத்து மேல கோடாலியும் கையுமா நின்னுக்கினு, எங்க புள்ளைங்களுக்குப் படிக்க எடம் குடுன்னு நீங்கதான் கத்திக்கினு இருந்தீங்க."