பட்டன்காரர்

"சார், நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த லீவரை ஏன் சார் எடுத்தீங்க?"

கேட்டவர் கார்களைப் பற்றி எழுதியே பெயர் வாங்கிய விமர்சகர். வயசு குறைவு, வாய் கொஞ்சம் அதிகம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்தான் அந்தப் புகழ்பெற்ற செடானின் முதல் மூன்று மாடல்களையும் வடிவமைத்தவர். மூன்றாவது மாடலில், சீட்டுகளுக்கு நடுவே இருந்த ஹேண்ட் பிரேக் லீவரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பட்டனை வைத்தார். அதோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. ரசிகர்களுக்கு அவர் வெறும் 'பட்டன்காரர்'. விற்பனை படுத்துவிட, கம்பெனியும் மாலை மரியாதை எதுவும் இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"டீ ஆறிப் போகுது, குடிங்க தம்பி" என்றார் பட்டன்காரர்.

விமர்சகர் விடுவதாக இல்லை. "என் முதல் வண்டியே உங்க முதல் மாடல்தான் சார். மூணு கை மாறி என்கிட்ட வந்துச்சு. தரையோட தரையா பதுங்கி நிக்கும். கிளப்பினா தெருவே திரும்பிப் பாக்கும். வளைவுல லீவரை ஒரு இழு இழுத்தா, பின்பக்கம் வழுக்கிக்கிட்டுத் திரும்பும் பாருங்க, அடடா! ரெண்டாவது மாடல் கொஞ்சம் சதை போட்டுச்சு. சரி, குடும்பம் குட்டின்னு ஆயிடுச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம். மூணாவதுல லீவரே போச்சு. நாலாவதுல என்ஜின் சத்தத்தையே ஸ்பீக்கர்ல போடுறாங்க. அந்தக் கொடுமையை யார்கிட்ட சொல்லி அழ?"

"நாலாவதுக்கு நான் பொறுப்பில்லப்பா."

"ஆரம்பிச்சு வெச்சது நீங்கதானே சார்? அதுவும் பட்டனை அமுக்கினா மட்டும் போதாது. காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டே அமுக்கினாத்தான் ஹேண்ட் பிரேக் விடும். ஓட்டுறவனையே நம்பாத வண்டி!"

பிஸ்கட் தட்டோடு வந்த பட்டன்காரரின் மனைவி, பேச்சு எதைப் பற்றியது என்று காதில் விழுந்ததும், தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் உள்ளே போனார்.

"வெளிய வாங்க சார், ஒண்ணு காட்டறேன்."

தெரு மேட்டிலிருந்து மெயின் ரோட்டை நோக்கிச் சரிந்து இறங்கியது. வாசலில் ஐந்தாவது மாடல் பளபளவென்று நின்றது. இன்னும் விற்பனைக்கு வரவில்லை. எழுதுவதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த வண்டி. விமர்சகர் புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவது போல் கதவைத் திறந்து காட்டினார். "பாத்தீங்களா? லீவர் திரும்பி வந்தாச்சு! எழுதி எழுதியே அவங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன்ல."

பட்டன்காரர் முகப்பு விளக்கைப் பார்க்கவில்லை, தான் போட்ட கோடு இன்னும் மிச்சமிருந்த பானெட்டையும் பார்க்கவில்லை. லீவரை மட்டுமே பார்த்தார்.

"கியர்ல போட்டு நிறுத்தியிருக்கீங்களா?"

"நியூட்ரல்தான் சார். அதான் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்ல?"

"எங்க ஃபாக்டரி யார்டுலயும் அப்படித்தான். சாவி இல்லாமலே யார் வேணா தள்ளி நகர்த்தணும், அதனால கியர்ல விடவே மாட்டோம். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துடும்." சொல்லிக்கொண்டே காம்பவுண்டுச் சுவரோரம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, முன் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார்.

விமர்சகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க பெத்த வண்டி சார், உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? சரி, உங்க கார் எங்க?"

"நான் வண்டி வெச்சுக்கறதில்ல. பஸ்தான்."

இத்தனை பேருக்குக் கார் செய்து கொடுத்தவர் பஸ்ஸில் போகிறாராம். விமர்சகருக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும், வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் ஒரே ஒரு வரிக்காக வந்திருந்தார். அந்த வரி கிடைத்தால் அதுதான் கட்டுரையின் தலைப்பு. போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு நீட்டினார்.

"சார், ரசிகர்கள் எல்லாம் உங்க மேல கோவமா இருக்காங்களே தவிர, வெறுப்பு கிடையாது. நீங்க வாயைத் திறந்து 'தப்புதான்'னு ஒரு வார்த்தை சொன்னா, மறுபடி தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க. இத்தனை வருஷமா ஏன் சார் பிடிவாதம்?"

பட்டன்காரர் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே மெயின் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"போட்டுக்கோங்க தம்பி. தப்புதான்."

விமர்சகருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாகவா? "ரொம்ப தேங்க்ஸ் சார்! லீவரை எடுத்தது தப்பு. அப்படியே போட்டுக்கலாமா?"

"மூணாவது மாடல்ல எடுத்தது தப்பு. ரெண்டாவதுலயே எடுத்திருக்கணும். அப்பவே என் பசங்க பட்டனை வரைஞ்சு கொண்டாந்தாங்க, என் கீழ வேலை பாத்த பசங்க. நான்தான், வண்டியோட உயிரே போயிடும்னு, இப்ப நீங்க பேசினீங்களே, அதே மாதிரி பேசி அதைத் தூக்கிப் போட்டேன்."

"ரெண்டாவதுலயே எதுக்கு சார்?"

"இதே வாசல்ல, நியூட்ரல்ல நிறுத்தியிருந்த அந்த ரெண்டாவது மாடல்லதான் என் பையன் ஏறி உக்காந்து, லீவரை இறக்கி விட்டுட்டான். வண்டி நேரா மெயின் ரோட்டுக்குப் போயிடுச்சு" என்றார் பட்டன்காரர். "அவனுக்கு நாலு வயசு, தம்பி. பிரேக்கை மிதிச்சாத்தான் விடும்னு இருந்திருந்தா, அவனுக்குக் கால் எட்டியிருக்காது."